துண்டு மட்டும் கொண்டு வரவும்

இந்த வாரம் நான் எழுதப்போகும் விஷயத்தைக் கேட்டதும் எங்கள் ஆசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக் கொண்டார். "இது குடும்பப் பத்திரிகை அம்மா, ஞாபகம் இருக்கட்டும்" என்றார். "குடும்பத்தோடு போய் வந்ததைத்தான் ஸார் எழுதப் போகிறேன்" என்றேன். ஓவியர் பாடுதான் திண்டாட்டம். "இதற்கு நான் என்ன படம் போடுவது?" என்று விழித்தார். "ஒரு நாற்காலி போடுங்கள், அதன்மேல் ஒரு துண்டு விரித்திருக்கட்டும், போதும்" என்று சொல்லி வைத்தேன். ஆகவே, படத்தைப் பார்த்துவிட்டு, 'இது ஏதோ வீட்டுக் குறிப்பு' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே!

2024-ம் வருஷம் மார்ச் மாதம் நான் அமெரிக்கா போயிருந்தேன். ஃப்ளாரிடா மாகாணத்தில் டாம்பா நகரத்துக்குப் பக்கத்தில் என் பெரியம்மா பெண் இருக்கிறாள். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவள். போய் முப்பது வருஷம் ஆகியும் காலையில் ஃபில்டர் காப்பி, வெள்ளிக்கிழமை வாசலில் கோலம் எதையும் விடாதவள். அவள் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். "பேரை மட்டும் போட்டுடாதேடி" என்பது ஒன்றுதான் நிபந்தனை.

அந்த வீட்டில் முதல் நாளே எனக்கு ஒரு விஷயம் வேடிக்கையாகப் பட்டது. அக்காவின் குளியலறையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று உண்டு. அதன்மேல் எப்போது பார்த்தாலும் ஒரு பெரிய நீலத் துண்டு தொங்கிக் கொண்டிருந்தது. உலர்த்தியிருக்கிறாளாக்கும் என்று நினைத்து, மடித்து அலமாரியில் வைத்தேன். மறுநாள் மறுபடியும் அங்கேயே தொங்கியது. அத்திம்பேர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அதை எடுக்காதே அம்மா" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். 2022-ல் அக்காவுக்கு மார்பில் புற்றுநோய் என்று இடதுபக்கம் முழுவதையும் எடுத்துவிட்டார்கள். நோய் போய்விட்டது, டாக்டர்கள் பயமில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் அன்றிலிருந்து அக்கா கண்ணாடி பார்ப்பதில்லை. சின்ன வயதில் திருவையாற்றில் காவிரியை இக்கரையிலிருந்து அக்கரை நீந்திக் கடந்தவள், இரண்டு வருஷமாகத் தண்ணீரில் இறங்கவில்லை.

இந்த நிலையில்தான் அந்த மின்னஞ்சல் வந்தது. மூன்று பகல், இரண்டு இரவு, இரண்டு படுக்கையறை கொண்ட வில்லா, ஏரிக்கரை, நீச்சல் குளம், எல்லாம் சேர்த்து 99 டாலர்! கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து 90 நிமிஷம் ஒரு விளக்கக் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்தால் போதும். அத்திம்பேர் கணக்குத் தணிக்கையாளர். தள்ளுபடி என்ற சொல்லைக் கேட்டால் அவருக்குத் தலைகால் புரியாது. "மனுஷர்கள் கொடுக்கிற விலையா இது? உன் தங்கையும் வந்திருக்கிறாள், போய்விட்டு வருவோம்" என்றார். அடியில் பொடி எழுத்தில் இரண்டு வரிகள் இருந்தன. ஒன்று, இந்த விளம்பரம் டைம்ஷேர் விற்பதற்காகச் செய்யப்படுவது என்பது. அப்படிச் சொல்லியாக வேண்டும் என்று அந்த மாகாணத்தில் சட்டமே இருக்கிறது. மற்றொன்று, 'க்ளோத்திங் ஆப்ஷனல்' என்பது.

"அப்படியென்றால்?" என்று அக்கா கேட்டாள்.

"டை கட்டிக்கொள்ள வேண்டாம், கோட்டு வேண்டாம், சாதாரணமாக வரலாம் என்று அர்த்தம்" என்றார் அத்திம்பேர், அடித்துப் பேசினாற்போல.

பி.ஏ. படித்த நானும் தலையை ஆட்டினேன்! அக்கா எதற்கும் இருக்கட்டும் என்று நான்கு பட்டுப் புடவைகளைப் பெட்டியில் வைத்துக் கொண்டாள்.

டாம்பாவுக்கு வடக்கே பாஸ்கோ மாவட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஆரஞ்சுத் தோப்பும் ஏரிகளுமாக இருந்த பிரதேசம். அங்கே 1940-களிலிருந்தே இம்மாதிரி இடங்கள் உண்டு என்பதும், அமெரிக்காவில் இவை நெருக்கமாக இருக்கும் இடங்களில் இது ஒன்று என்பதும் நான் பிற்பாடு தெரிந்து கொண்டது. வாசலில் காவல் பலமாக இருந்தது. எங்கள் அடையாள அட்டைகளை வாங்கி, குற்றவாளிகள் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று சரிபார்த்தார்கள். கைப்பேசியின் காமிரா மேல் ஒரு வில்லையை ஒட்டினார்கள். சீருடை அணிந்த பெண் ஒருத்தி சிரித்த முகத்தோடு, "முதல் தடவையா? துண்டு கொண்டு வந்திருக்கிறீர்கள் அல்லவா?" என்று கேட்டாள். நீச்சல் குளத்துக்காகக் கேட்கிறாள் என்று நினைத்தோம்.

கேட் திறந்தது. கார் முப்பது கெஜம் போயிருக்கும். எதிரே ஒரு சின்ன மின்சார வண்டி வந்தது. அதில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேரும் ஓலைத் தொப்பி அணிந்திருந்தார்கள். வேறு ஒன்றும் அணிந்திருக்கவில்லை. எங்களைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு, கறிகாய் வாங்கப் போகிறவர்களைப் போலப் போய்விட்டார்கள்.

காரில் கொஞ்ச நேரம் பேச்சு மூச்சில்லை.

"ஏன்னா, வண்டியைத் திருப்புங்கோ" என்றாள் அக்கா.

அத்திம்பேருக்கு முகம் வெளிறிவிட்டது. ஆனால் கணக்குப் புத்தி போகுமா? "திருப்பலாம். ஆனால் கூட்டத்துக்குப் போகாவிட்டால் முழு வாடகையையும் கார்டில் பிடித்துக்கொள்வார்கள். அதற்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்" என்றார்.

ஆக, பணத்துக்குப் பயந்து மானத்தை அடகு வைத்தோம் என்று வைத்துக் கொள்ளுங்கள்!

வில்லாவுக்குள் போய்க் கதவைத் தாளிட்டு, திரைகளை எல்லாம் இழுத்துவிட்டு, மேஜைமேல் இருந்த விதிமுறைச் சீட்டை நான்தான் வாய்விட்டுப் படித்தேன். எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் துண்டு விரித்துத்தான் உட்கார வேண்டும். படம் எடுக்கக் கூடாது. யாரையும் உற்றுப் பார்க்கக் கூடாது. ஏரியில் முதலை உண்டு, இறங்காதீர்கள். சாப்பாட்டு விடுதியில், நடைபாதையில் உடுத்துவதும் உடுத்தாததும் அவரவர் இஷ்டம். ஆனால் நீச்சல் குளத்தில் மட்டும் துணியோடு இறங்கக் கூடாது. அங்கே பிறந்த மேனிதான் சீருடை.

"யாரும் நம்மைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆப்ஷனல் என்றுதானே போட்டிருக்கிறது?" என்று தைரியம் சொல்லிக் கொண்டோம். அன்று சாயங்காலம் சாப்பாட்டு விடுதிக்கு மூன்று பேரும் போனோம். அக்கா பாலும் பழமும் கட்டம் போட்ட சேலையில், நான் சுடிதாரில், அத்திம்பேர் முழுக்கைச் சட்டையும் பூட்ஸுமாக. கூசிக் குறுகி உள்ளே நுழைந்தவர்கள் நாங்கள்தாம். அங்கிருந்தவர்கள் பாட்டுக்குச் சூப் குடித்துக் கொண்டிருந்தார்கள்.

இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இப்படிப்பட்ட இடம் என்றால் நம் மனசில் என்ன ஓடுமோ, அது எதுவும் அங்கே இல்லை. அந்த மாதிரி இடங்களும் உலகத்தில் இருக்கத்தான் இருக்கின்றன, இது அதுவல்ல. பென்ஷன் வாங்குகிற வயசான தம்பதிகள், தொப்பையும் வழுக்கையும், முழங்கால் ஆபரேஷன் தழும்பும், மூன்று பிள்ளை பெற்ற வயிற்று மடிப்பும். வலைப்பந்து ஆடுகிறார்கள், குறுக்கெழுத்துப் போட்டி போடுகிறார்கள், முதுகில் ஒருவருக்கொருவர் வெயில் களிம்பு தடவிக் கொள்கிறார்கள். அரை மணி நேரத்தில் எனக்குப் பழகிவிட்டது. ஒரு மணி நேரத்தில் அலுத்துவிட்டது! கல்யாணப் பந்தியில்கூட இதைவிட அதிகமாக ஒருவரை ஒருவர் நோட்டம் விடுவார்கள். யார் என்ன நகை, என்ன புடவை என்று பார்ப்பதற்கு அங்கே ஏது வழி?

இந்தப் பழக்கம் ஜெர்மனியில் போன நூற்றாண்டின் ஆரம்பத்தில் ஓர் இயக்கமாகக் கிளம்பியது. நகரப் புகையிலும் ஆலை நெரிசலிலும் வாடியவர்கள் வெயிலும் காற்றும் உடம்பில் படட்டும் என்று தொடங்கியது. அங்கிருந்து வந்த கர்ட் பார்த்தல் என்பவர் 1929-ல் நியூயார்க்கில் இதற்கொரு சங்கம் ஆரம்பித்தார். பிரான்ஸில் மோந்தலிவே என்ற கடற்கரையில் 1950-ல் குடும்பங்களுக்கென்றே ஒரு முகாம் ஏற்பட்டது. 1953-ல் அங்கேதான் இவர்களுடைய சர்வதேச சம்மேளனம் பிறந்தது. இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாசாரம், நமக்கென்ன என்கிறீர்களா? இப்படி ஒரு சங்கம் அமைத்ததாக உலகத்தில் முதன்முதல் தெரியவருகிற இடம் எது தெரியுமா? பம்பாய்க்குப் பக்கத்திலுள்ள தாணா! 1891-ல் அங்கே ஜில்லா ஜட்ஜாக இருந்த சார்லஸ் கிராஃபர்டு என்ற ஆங்கிலேயர், 'ஃபெலோஷிப் ஆஃப் தி நேக்கட் ட்ரஸ்ட்' என்று பெயர் வைத்து நடத்தினார். அங்கத்தினர்கள் மொத்தம் மூன்றே பேர். அந்த வெயிலில் கோட்டும் கழுத்துப் பட்டையும் கட்டிக்கொண்டு நீதி வழங்கின மனுஷரை நினைத்தால், எனக்கென்னவோ அவர்மேல் பரிதாபமாகத்தான் இருக்கிறது.

அக்காவிடம் இதைச் சொன்னேன். "போடி, ஜட்ஜ் என்ன ஜட்ஜ். நம்ம கொள்ளுப்பாட்டி ஆயுசுபரியந்தம் ரவிக்கையே போட்டுக்கலை" என்றாள். இரண்டு வருஷத்தில் அவள் உடம்பைப் பற்றி எதையாவது பேசிக் கேட்டது அன்றுதான்.

மறுநாள் சனிக்கிழமை. விடியற்காலையில் எழுந்து பார்த்தால் அக்காவைக் காணோம். தேடிக்கொண்டு போனேன். நீச்சல் குளத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு பெஞ்சியில் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குளத்தில் ஒரே ஒரு பாட்டி நீந்திக் கொண்டிருந்தார். எண்பது வயதிருக்கும். நிதானமாக, அவசரமே இல்லாமல், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. பிறகு படியேறி மேலே வந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் மார்பு இல்லை. இரண்டு நீண்ட தழும்புகள், வயசாகி வெளுத்துப்போய், துணியில் போட்ட தையலைப் போல இருந்தன.

அந்த அம்மாள் துண்டை விரித்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒஹையோவில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவராம். அக்கா முதலில் தரையைப் பார்த்துக் கொண்டிருந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, தன் இடது தோளைத் தொட்டு, "எனக்கும்" என்றாள். ஒரே வார்த்தை.

"எத்தனை வருஷம் ஆயிற்று?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"இரண்டு."

"எனக்குப் பத்தொன்பது. முதல் நாலு வருஷம் இருட்டில்தான் உடை மாற்றிக் கொண்டேன். அப்புறம் என் தங்கை என்னை இங்கே இழுத்து வந்தாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அது எனக்கு எவ்வளவு பெரிய நிம்மதியாக இருந்தது தெரியுமா?" என்றார். ஆறுதல் வார்த்தை எதுவும் சொல்லவில்லை, உபதேசமும் இல்லை. கொண்டுவந்திருந்த ஆரஞ்சை உரித்து எங்களுக்கு ஆளுக்கு நாலு சுளை கொடுத்தார். அக்கா எழுந்துபோய், புடவைக் கொசுவத்தைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு, குளத்து ஓரத்தில் உட்கார்ந்து கால்களை மட்டும் தண்ணீரில் விட்டுக் கொண்டாள். நான் பக்கத்தில் போகவில்லை.

கதை இத்துடன் முடிந்திருந்தால் எவ்வளவோ நன்றாயிருக்கும். பத்து மணிக்கு அந்தக் கூட்டம் இருந்ததே!

டைம்ஷேர் என்றால் என்ன என்று கேட்கிற சகோதரிகளுக்காக ஒரு வார்த்தை. ஒரு விடுதி அறையை வாரம் வாரமாகக் கூறு போட்டு, ஒவ்வொரு வாரத்தையும் ஒவ்வொருவருக்கு விற்பது. பலாப்பழத்தைச் சுளையாக விற்பதில்லையா, அப்படி. 1960-களில் ஐரோப்பாவில் தொடங்கிய வியாபாரம் இது. ஸ்விட்சர்லாந்தில் ஹாபிமாக் என்ற நிறுவனம் 1963-ல் ஏற்பட்டது. இப்போது வாரத்துக்குப் பதிலாகப் 'புள்ளிகள்' என்று விற்கிறார்கள். யோசனையில் தப்பில்லை, அதை வைத்துக்கொண்டு சந்தோஷமாக இருப்பவர்களும் உண்டு. விற்கிற விதத்தில்தான் இருக்கிறது சூட்சுமம்.

குளிர்சாதன அறை. வட்ட மேஜைகள். காப்பி, இனிப்பு ரொட்டி, சன்னமான சங்கீதம். அந்த வளாகம் முழுவதிலும் கோட்டும் டையும் போட்டிருந்தவர்கள் அந்த அறையில் இருந்தவர்கள் மட்டுந்தான். கணவனும் மனைவியும் சேர்ந்தே வரவேண்டும் என்று ஏன் அத்தனை பிடிவாதம் பிடித்தார்கள் என்பது அங்கே போனதும் விளங்கியது. 'வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்' என்ற ஒரே ஒரு கேடயத்தைப் பிடுங்கிக் கொள்வதற்காக! நம் வீட்டு வாசலில் வந்து நிற்கிற விற்பனையாளர்களை நாம் எத்தனை தடவை அந்த வார்த்தையைச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறோம்!

முதலில் வந்தவர் இளைஞர். விலையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. குழந்தைகள் எத்தனை, எங்கே வேலை, கடைசியாக எப்போது சேர்ந்து பிரயாணம் போனீர்கள் என்று சொந்தக்காரப் பிள்ளையைப் போல விசாரித்தார். "இங்கே உங்களுக்குப் பிடித்தது என்ன?" என்று அக்காவைக் கேட்டார். காலையில் மனசு இளகியிருந்த அக்கா சொல்லிவிட்டாள். தன் ஆபரேஷனை, அந்தப் பாட்டியை, எல்லாவற்றையும். அவர் கண்ணில் உண்மையாகவே நீர் தளும்பியது. அது நடிப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர் எழுந்துபோய்த் தம் மேலதிகாரியின் காதில் ஏதோ சொல்லிவிட்டு வந்ததை நான் பார்த்தேன்.

மேலதிகாரி வந்தார். காகிதத்தில் ஒரு தொகை எழுதினார்: 34,900 டாலர். அத்திம்பேர் சிரித்தார். அதை அடித்துவிட்டு 26,500 என்றார். பிறகு சாமர்த்தியமாக ஒரு பெருமூச்சு விட்டு, "உங்களுக்காக" என்று 18,900 எழுதினார். இன்றைக்கு மட்டும், இந்த அறை வாசலைத் தாண்டினால் இந்த விலை கிடையாது. நடுநடுவே வேறு மேஜைகளில் யாராவது கையெழுத்துப் போட்டால் மணி அடிப்பார்கள், எல்லோரும் கைதட்டுவார்கள். 90 நிமிஷம் முடிந்து நாலு மணி நேரம் ஆகிவிட்டது. பசி வேறு. அத்திம்பேர், "யோசித்துச் சொல்கிறோம்" என்றார்.

மேலதிகாரி அத்திம்பேரைப் பார்க்கவே இல்லை. அக்காவைப் பார்த்து, "அம்மா, காத்திருப்பதால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியாததா?" என்றார்.

அக்காவின் முகம் போன போக்கை எழுத எனக்குத் தெரியவில்லை. காலையில் ஓர் ஆரஞ்சுச் சுளையோடு இனாமாகக் கிடைத்த ஒன்றை, அந்த மனிதர் எடுத்து விலைச்சீட்டு ஒட்டி மேஜைமேல் வைத்துவிட்டார். அத்திம்பேர் பேனாவை எடுத்தார். அவர் தள்ளுபடிக்காகப் போடவில்லை. மனைவிக்கு இரண்டு வருஷத்தில் எதையும் வாங்கிக் கொடுக்க முடியவில்லையே என்ற தாபத்தில் போட்டார். மணி அடித்தது. கைதட்டினார்கள். பத்திரிகைக்காரி என்று பெயர், வாயை மூடிக்கொண்டு நானும் தட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ராத்திரி தூக்கம் வரவில்லை. கூடத்துக்கு வந்தால், அத்திம்பேர் ஒப்பந்தக் காகிதங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு பேருமாகக் கணக்குப் போட்டோம். முன்பணம் 1,890 டாலர் கார்டில் போயாயிற்று. பாக்கி 17,010-க்கு நூற்றுக்குப் பதினேழு வட்டி, பத்து வருஷம். மாதத் தவணை ஏறக்குறைய 296. பத்து வருஷத்தில் முப்பத்தைந்தாயிரத்து ஐந்நூறு. இதைத் தவிர வருஷா வருஷம் பராமரிப்புக் கட்டணம் 1,140. அது ஏறுமே தவிர இறங்காது. வந்து தங்கினாலும் தங்காவிட்டாலும் கட்டியாக வேண்டும். ஏறாது என்றே வைத்துக்கொண்டாலும் எல்லாம் சேர்ந்து 48,700 டாலருக்கு மேல். கிடைப்பது வருஷத்துக்கு 7 ராத்திரி, ஆக 70 ராத்திரி. ஒரு ராத்திரிக்குச் சுமார் 700 டாலர்! அதே வில்லாவை வாசலில் வந்து காசு கொடுத்து எடுத்தால் 180 டாலர் என்று வரவேற்பறைப் பலகையில் எழுதிப் போட்டிருந்தார்கள். வேண்டாமென்று விற்கலாம் என்றால், இம்மாதிரி உரிமைகளை ஒரு டாலருக்குத் தருகிறேன் என்று இணையத்தில் ஏலம் போட்டும் வாங்க ஆளில்லாமல் கிடக்கின்றன.

"நான் கணக்குத் தணிக்கையாளன்!" என்று சொல்லித் தலையில் கையை வைத்துக் கொண்டார் அத்திம்பேர்.

நான் காகிதங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தேன். கையெழுத்துக்குச் சற்று மேலே கொட்டை எழுத்தில் ஒரு பாரா இருந்தது. நாலு மணி நேரத்தில் எவரும் வாயைத் திறந்து சொல்லாத பாரா. ஃப்ளாரிடா சட்டப்படி, கையெழுத்திட்ட நாளிலிருந்தோ, காகிதங்கள் எல்லாம் கைக்கு வந்த நாளிலிருந்தோ, எது பின்னாடி வருகிறதோ அதிலிருந்து 10 நாட்களுக்குள் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. அபராதம் கிடையாது. 'இந்த உரிமை எனக்கு வேண்டாம்' என்று நாமே எழுதிக் கொடுத்திருந்தாலும் செல்லாது. எழுத்து மூலம் அனுப்பவேண்டும், அவ்வளவுதான். கலிஃபோர்னியாவில் இது 7 நாள். ஐரோப்பிய யூனியன் தேசங்களில் 14 நாள். நம் ஊரில் கண்காட்சியில் பெயர் எழுதிப் போட்டு, 'பரிசு விழுந்திருக்கிறது, தம்பதியாக வாருங்கள்' என்று அழைப்பு வந்து இப்படி எதிலாவது கையெழுத்திட்டிருந்தால், ரத்து செய்ய எத்தனை நாள் என்ற வரியை அன்றைக்கே தேடிப் பாருங்கள். பத்தாம் நாள் ராத்திரி தேடிப் பிரயோசனமில்லை. 'நாங்கள் மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்' என்று பின்னாலேயே வருகிற புண்ணியவான்களையும் கிட்டே சேர்க்காதீர்கள். அது இன்னொரு கிணறு.

அத்திம்பேர் உடனே கடிதம் எழுத உட்கார்ந்தார். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அவளிடம் எப்படிச் சொல்வேன்? அவள் முகத்தில் இன்றைக்குத்தான் கொஞ்சம் வெளிச்சம் பார்த்தேன். வேண்டாம், இருந்துவிட்டுப் போகட்டும். என்ன, இன்னும் பத்து வருஷம் உழைக்கிறேன்" என்றார். அவருக்கு அறுபத்து மூன்று வயது.

"எதுக்கு உழைக்கணும்?" என்று குரல் கேட்டது. அக்கா அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ! வந்து கணக்குக் காகிதத்தை எடுத்து மேலிருந்து கீழ்வரை படித்தாள். "அந்த மாமி ஒரு காலணா வாங்கலையே எங்கிட்டே? அந்தத் தண்ணிக்கு இந்தத் தடியன் யார், விலை சொல்றதுக்கு? எழுதுங்கோ" என்றாள்.

திங்கட்கிழமை தபாலாபீஸ் திறந்ததும் முதல் ஆளாக நின்று பதிவுத் தபாலில் அனுப்பினோம். ரசீதை அத்திம்பேர் பூஜை அறையில் வைத்தார். நடுவில் இரண்டு தடவை ஃபோன் வந்தது. இன்னும் விலை குறைக்கிறோம் என்றார்கள். பேசாமல் வைத்துவிட்டார். நான் சென்னை திரும்பின பிற்பாடு ஏப்ரலில் முன்பணம் முழுசும் திரும்பி வந்துவிட்டதாகச் செய்தி வந்தது.

மே மாதம் ஒரு நாள் ராத்திரி அக்கா ஃபோனில் கூப்பிட்டாள். மாங்காய் ஊறுகாய்க்குக் கடுகுப்பொடி எவ்வளவு என்று ஆரம்பித்து, பத்து நிமிஷம் ஊர் வம்பெல்லாம் பேசிவிட்டு, "புதன்கிழமை அங்கே போயிருந்தேன்" என்றாள்.

"எங்கே?"

"அங்கேதான். ஒரு நாளைக்கு மட்டும் போய்ட்டு வரதுக்கு வாசல்லே முப்பத்தஞ்சு டாலர் வாங்கறா. என் கைக்காசு. அந்த மாமியும் வந்திருந்தா. எலுமிச்சஞ்சாதம் பண்ணி எடுத்துண்டு போனேன்."

"அத்திம்பேர்?"

"அவருக்கென்ன, பூட்ஸும் தொப்பியுமா மரத்தடியிலே உட்கார்ந்து பேப்பர் படிச்சார். அத்தனை பேருக்கு நடுவிலே அவரைத்தான் எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்த்தா!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துண்டு கொண்டு போனாயா என்று கேட்டேன்.

"குளியல் ரூம்லே தொங்கிண்டிருந்ததே, நீலம், அதைத்தான் எடுத்துண்டு போனேன்" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "தண்ணி வெதுவெதுன்னு நன்னாயிருந்ததுடி" என்றாள்.